கம்பெனிக் கன்னம்

கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

கைகழுவும் இடத்துக் கண்ணாடியின் முன்னால் நின்று, வலது கன்னத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, உள்ளேயிருந்து நாக்கால் முட்டுக்கொடுத்து உப்ப வைத்தும் பார்த்துவிட்டார். சிவப்பு இல்லை. தடிப்பு இல்லை. பேருக்கு ஒரு சின்ன அரிப்புகூட இல்லை. அப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த குழந்தையின் கன்னம் மாதிரி பளபளவென்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

கம்பெனியில் அவருக்குக் கன்னம் சார் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டிடத்தின் பின்பக்கத்தில் நான்கு அறைகள். ஒன்றில் கலப்பார்கள், ஒன்றில் அடைப்பார்கள், ஒன்றில் அடுக்குவார்கள், மிச்சமிருந்த ஒன்றில் முதலாளியம்மா உட்கார்ந்து கவலைப்படுவார். முகத்துக்குக் களிம்பு, குளிக்கச் சோப்பு, உதட்டுக்குப் பூச்சு என்று எல்லாமே இலையும் வேரும் பூவும் விதையும்தான். முயல் மேலும் எலி மேலும் எதையும் தடவிப் பார்ப்பதில்லை என்பது முதலாளியம்மாவின் கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் யார் மேலாவது தடவிப் பார்த்தாக வேண்டுமே. அந்த யாரோ ஒருவர்தான் நம் கன்னம் சார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது என்னவோ பில் போடத்தான். அதில் அவருக்கு அவ்வளவாகச் சாமர்த்தியம் போதவில்லை. சோப்பு கேட்டவருக்கு உதட்டுப் பூச்சும், உதட்டுப் பூச்சு கேட்டவருக்கு வெறும் பெட்டியும் போய்க்கொண்டிருந்தன. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக முதலாளியம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் கை சும்மா இருக்கமாட்டாமல் மேஜைமேல் இருந்த புதுக் களிம்பை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டது. முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தபோது எதிரே இருந்தது முகமாகவே இல்லை, உறை போட்ட தலையணையாக இருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. மற்றொன்று மூடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“இப்படி ஒரு தோலை எங்க தேடினாலும் கிடைக்காது” என்றார் முதலாளியம்மா, மெய்மறந்து.

அன்றைக்குப் போக வேண்டியவர் போகவில்லை. அவருக்குத் தனியாக ஒரு நாற்காலி வந்தது. நாற்காலிக்கு மேலே தனியாக ஒரு மின்விசிறி வந்தது.

சின்ன வயதிலிருந்து அந்தத் தோலால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சட்டைக் காலர் பட்டால் தடிப்பு. புதுச் செருப்பு போட்டால் கொப்புளம். யாராவது முதுகில் தட்டிக் கொடுத்தால் ஐந்து விரலும் பதியும். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்ப்பதற்காகவே அவரை ஓயாமல் தட்டிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தோலுக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது இந்தக் கம்பெனியில்தான். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகும்.

ஆனால் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. முதல்நாள் வீங்கியதோடு சரி, அதற்கப்புறம் அந்தக் கன்னம் சிவக்கவே இல்லை. எத்தனையோ டப்பாக்கள் வந்தன. பூசினார், காத்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை, “பாஸ்” என்றார். முதலில் களிம்புகள்தான் நல்லவை என்று நினைத்தார். வாங்கியவர்களும் குறை சொல்லவில்லை. போகப்போக வேறு ஒரு சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லது களிம்பு இல்லையோ, தடவித் தடவித் தன் தோல்தான் மரத்துப்போய்விட்டதோ?

அந்தச் சந்தேகம் நேற்று நிச்சயமாகிவிட்டது. புதிதாக ஒரு களிம்பு கலந்திருந்தார்கள். அதை டப்பாவில் அடைத்த இரண்டு பெண்களுக்கும் விரலெல்லாம் தடித்துப்போய், வேலையை விட்டுவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கைகள் அவை. அவற்றுக்கே அந்தக் கதி. நேற்றுக் காலையிலிருந்து அதே களிம்பைப் பூசிக்கொண்டிருக்கும் இவருடைய கன்னமோ ஜம்மென்று இருந்தது.

“கன்னம் என்ன சார் சொல்லுது?”

முதலாளியம்மா கதவருகே நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியின் நிலைமையை விசாரிக்கிற குரல்.

“யோசிச்சுட்டு இருக்கு மேடம்.”

“இன்னும் எவ்வளவு நேரம் யோசிக்கும்? பேக்கிங்ல ரெண்டு பொண்ணுங்களும் கையைத் தண்ணியில முக்கி வச்சுட்டு உக்காந்திருக்காங்க.”

“மெதுவாத்தான் மேடம் வரும். நல்ல தோல் அவசரப்படாது.”

“அவசரப்பட்டாகணும். நாளைக்குக் காலையில அந்தக் கடைக்காரம்மா வர்றாங்க.”

கடைக்காரம்மா யாரென்று கம்பெனியில் தெரியாதவர்கள் இல்லை. எதைத் தொட்டாலும் சிவக்கிற தோல் உள்ளவர்களுக்கென்றே தனியாகக் கடை நடத்துபவர். அவர் அலமாரியில் ஒரு டப்பா ஏறிவிட்டால் அதற்கப்புறம் அந்த டப்பாவை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வியில் பெரிய கம்பெனிக்காரர்களே வியர்த்துப்போயிருக்கிறார்கள்.

“நான் போன்ல பெருமையா சொன்னேன் சார். எங்க கன்னம் இதுவரைக்கும் ஒரு டப்பாவைக்கூடத் தள்ளலைன்னு. ‘அப்போ அது கன்னமா, ரப்பர் ஸ்டாம்பா’ன்னு கேட்டுட்டாங்க.”

“கேட்டுட்டாங்களா?”

“நல்லதை நல்லதுன்னு சொல்ற ஆளை நிறையப் பாத்தாச்சாம். கெட்டதைக் கெட்டதுன்னு சொல்ற கன்னம் இருந்தா காட்டுங்கன்னாங்க. நல்லவேளை, இந்தப் புதுக் களிம்பு சொதப்பிடுச்சு.” ஒரு முதலாளி தன் சரக்கைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக இப்படிச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “நாளைக்கு வலது கன்னத்துல இந்தச் சனியன். இடது கன்னத்துல நம்ம பழைய ரோஜாக் களிம்பு. வலது சிவக்கணும், இடது அசையக்கூடாது. அவங்க கண்ணு முன்னாடி.”

பிறகு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் கன்னத்தில் வைத்துத் தேடினார். ஊசியைத் தொலைத்தவர் தேடுவதுபோலத் தேடினார்.

“ஒண்ணையும் காணோமே சார்.”

“உள்ளுக்குள்ள ஓடிட்டு இருக்கு மேடம். வெளியில வர லேட்டாகும்.”

“வந்துடணும் சார். நம்ம கம்பெனியே உங்க கன்னத்து மேலதான் நிக்குது.”

அவர் போனதும் கன்னம் சாருக்குத் தன் கன்னத்தின் மேல் நான்கு அறைகளும் இறங்கி உட்கார்ந்ததுபோல இருந்தது. நேராகக் கலவை அறைக்குப் போனார்.

கலவை அக்கா பெரிய பாத்திரத்தில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷி. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இலையை அரைத்து, வேரைக் காய்ச்சி, வெள்ளைப் பசையோடு கலந்து, சோதனைக்கென்று ஒரு டப்பாவைக் கன்னம் சாருக்கு எடுத்துக் கொடுத்து வருவது அவர்தான்.

“அக்கா, அந்தப் புதுக் களிம்பு இன்னொரு டப்பா வேணும்.”

“நேத்து குடுத்தது என்னாச்சு சார்?”

“முடிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சம் கனமாப் பூசிப் பாக்கணும்.”

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எரியுதா?”

“எரிஞ்சா தேவலை.”

“இது என்ன சார் வேண்டுதல்.” அக்கா உள்ளே திரும்பி, ஒரு டப்பாவை நிரப்பி, மூடியில் எண் எழுதிக் கொடுத்தார். வாசனையும் நிறமும் சேர்ப்பதற்கு முன்னாலேயே சோதனைக்கு எடுத்துவிடுவது வழக்கம் என்பதால் அதுவும் எப்போதும்போல வெள்ளையாகத்தான் இருந்தது. “பயப்படாமப் பூசுங்க. ஒண்ணும் ஆகாது.”

ஒன்றும் ஆகாது என்பதுதானே அவர் பயம். சாயங்காலம் வரை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலக் கன்னத்துக்கு அடித்தார். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. கடைசியில் கழுவிப் பார்த்தபோது கன்னம் முன்னைவிட மிருதுவாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அவர் கையிலிருந்த குடையை வாங்கினாள். வெயில் படக்கூடாது என்பதால் அவர் எந்தக் காலத்திலும் குடையோடுதான் நடப்பார். தெருவில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

“கம்பெனிச் சொத்து பத்திரமா வந்தாச்சா?” என்றாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தலையணை உறையை நாள் தவறாமல் மாற்றுவாள். தாளிக்கும்போது அவரைச் சமையலறைப் பக்கம் விடமாட்டாள். வேறு எதுவும் படக்கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் என்பதால், அந்தக் கன்னத்தை அவள் தொட்டே வருஷக்கணக்காகிறது.

அவள் போனில் யாரோடோ பேச ஆரம்பித்த சமயம் பார்த்து, கன்னம் சார் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு நழுவினார். அங்கே நீலக் கலரில் துணி சோப்பு ஒன்று பாதி கரைந்து கிடந்தது. திருடனைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வலது கன்னத்தில் அதை நன்றாகத் தேய்த்துக்கொண்டார். தேய்த்துவிட்டு வாளிமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

வந்தது. முதலில் ஒரு குறுகுறுப்பு. பிறகு ஒரு சூடு. வாளித் தண்ணீரில் எட்டிப் பார்த்தால் கன்னத்தில் ஒரு பொட்டு மாதிரி சிவப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொலைந்துபோன பிள்ளை வீட்டுக்குத் திரும்பியதுபோல இருந்தது. ஆனால் திரும்பிய பிள்ளை வாசலோடு நிற்கவில்லை. காது வரைக்கும் போனது, கழுத்தில் இறங்கியது, கண்ணுக்குக் கீழே ஒரு மேடு கட்டியது.

‘துணி சோப்பு எருமை மாட்டையே சிவக்க வச்சிடும். இதுல என் தோலுக்கு என்ன பெருமை’ என்று நினைத்துக்கொண்டார். பெருமை இல்லாவிட்டால் போகிறது, நாளைக்குச் சிவந்திருந்தால் போதும்.

“என்னங்க இது?” மனைவி பின்னால் வந்து நின்றிருந்தாள். போன் இன்னும் காதில் இருந்தது. “அப்புறம் பேசறேன். கன்னம் போச்சு.”

“ஒண்ணுமில்லை. களிம்பு வேலை செய்யுது. விட்டுடு.”

“விடறதா? நாளைக்குப் பெரிய ஆளு வர்றாங்கன்னு சொன்னீங்க. இந்த மூஞ்சியோட போய் நின்னா, வீட்டுல பாத்துக்க நாதியில்லைன்னு என்னைத்தான் சொல்வாங்க.”

“வலது பக்கம் சிவந்துதான் இருக்கணும். தொடாதே.”

“வீங்கினதுல மூளையும் கலங்கிடுச்சு” என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வெள்ளரிக்காய் வந்தது. துணியில் சுற்றிய ஐஸ் வந்தது. கடைசியில், அவளுடைய தோழி பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்த ஒரு பச்சைப் புட்டி வந்தது. அதன்மேல் சுத்தமான இயற்கை என்று ஓர் இலை படம் வேறு போட்டிருந்தது. இவர் வலது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு திமிறினார். அவள் கையை விலக்கினாள். கை விலகிய இடத்தில் ஐஸ் அழுந்தியது. மறுபக்கத்தில் பச்சைப் புட்டி கவிழ்ந்தது. சோபாவின் ஒரு முனையில் ஆரம்பித்த போராட்டம் மறுமுனையில் முடிந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

வைத்தியம் பலிக்கத்தான் செய்தது. ஐஸ் வைத்த வலது கன்னம் மெல்ல அடங்கி, பழையபடி பளபளவென்று ஆனது. சுத்தமான இயற்கை கொட்டிய இடது கன்னம் தக்காளியாகச் சிவந்தது.

சிவக்க வேண்டியது சிவக்காமல், சிவக்கக் கூடாதது சிவந்துவிட்டது. கன்னம் சார் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினார். தோல் மரத்துப்போனதை, பாஸ் பாஸ் என்று பொய்யாகச் சொல்லி வந்ததை, துணி சோப்பை. “நாளைக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா நாற்காலி போயிடும். மறுபடியும் நான் யாரோ ஒரு ஆளு.”

அவள் பச்சைப் புட்டியை மூடி ஓரமாக வைத்தாள்.

“தோல் மரத்துப்போய் எவ்வளவு நாளாச்சு?”

“வருஷக்கணக்கா.”

“நான் அந்தக் கன்னத்தைத் தொடாம இருந்ததும் வருஷக்கணக்காத்தான். மரத்துப்போச்சுன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?” சொல்லிவிட்டு, வீக்கம் இல்லாத இடம் எது என்று தேடி அவர் மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் பட்டு இடது கன்னம் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

காலையில் அவள் தளபதி மாதிரி நின்றாள். நிலைமை அப்படியேதான் இருந்தது. வலதைச் சிவக்க வைக்க வேண்டும், இடதை மூட வேண்டும். துணி சோப்பை அவளே எடுத்து, சட்டைக் காலரை அடித்துத் துவைக்கிற பழக்கத்தில், வலது கன்னத்தைத் தேய்த்தாள். இடது கன்னத்தில் தன்னுடைய முகப் பூச்சை அப்பிச் சமன் செய்தாள். அதிலே ஒரு சின்ன விஷயத்தை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவள் நிறம் வேறு, அவர் நிறம் வேறு.

ஆக, கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த கன்னம் சாரின் முகத்தில் ஒரு பாதி சிவப்பாக இருந்தது, ஒரு பாதி அவர் மனைவியாக இருந்தது.

“சிவந்துடுச்சா?” முதலாளியம்மா வாசலிலேயே ஓடிவந்து வலது கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். இடது பக்கம் அவர் கண்ணே போகவில்லை. “சார், நீங்க தெய்வம். உள்ள வாங்க, வந்துட்டாங்க.”

கடைக்காரம்மா ஒல்லியான, சிரிக்காத பெண்மணி. மடியில் பெரிய பை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“இவர்தானா?”

“இவர்தான்.”

“வலது கன்னம் இப்பவே சிவந்திருக்கே. இன்னும் எதையும் தடவலையே.”

“நேத்துப் பூசினது மேடம். இன்னும் அடங்கலை. அவ்வளவு மென்மை” என்றார் முதலாளியம்மா. “இடது பக்கம் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு. ரோஜாக் களிம்பு போடப்போற கன்னம்.”

“தடவறதுக்கு முன்னாடி நான் எப்பவும் துடைச்சுடுவேன்.”

கடைக்காரம்மா பையைத் திறந்து பஞ்சை எடுத்தார். தண்ணீரில் நனைத்தார். கன்னம் சார் ஓர் அடி பின்னால் போனார். பஞ்சு இடது கன்னத்தில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தது. அவர் மனைவியின் நிறம் முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. அடியிலே கன்னம் திகுதிகுவென்று இருந்தது.

பஞ்சு வெளிச்சத்துக்கு நேராக உயர்ந்தது.

“இது என்ன?” என்றார் கடைக்காரம்மா.

“கூச்சம் மேடம். புது ஆளுங்களைப் பாத்தா எனக்குச் சிவந்துடும்.”

“ஒரு பக்கம் மட்டுமா?”

“வலது பக்கம் ஏற்கெனவே சிவந்திருக்கு மேடம். அங்க இடமில்லை.”

முதலாளியம்மா இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “கலைஞர்கள் மாதிரி மேடம் இவங்கல்லாம். ரொம்ப உணர்ச்சிவசப்படுவாங்க.”

கடைக்காரம்மா பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு வலது கன்னத்தையும் நெருங்கி முகர்ந்தார். “கூச்சத்துல துணி சோப்பு வாசனைகூட வருமா?”

கன்னம் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

கடைக்காரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் ஏன் இவ்வளவு கெடுபிடி பண்றேன்னு எல்லாரும் கேக்கறாங்க. என் பொண்ணுக்கு எதை வச்சாலும் மூஞ்சி வீங்கிடும். ஸ்கூல்ல பசங்க அவளைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்களாம், விரல் பதியுதான்னு. அவளுக்காகத்தான் இந்தக் கடையையே ஆரம்பிச்சேன். எந்த டப்பாவையும் முதல்ல அவ கன்னத்துலதான் போடணும், வேற வழியில்லை எனக்கு. அதுக்கு முன்னாடி இன்னொரு கன்னம் சரின்னு சொன்னா கொஞ்சம் தைரியமா இருக்கும். அதுக்குத்தான் வந்தேன்.” அவர் கன்னம் சாரை நேராகப் பார்த்தார். “சொல்லுங்க. உங்க கன்னத்தை நம்பி நான் அவளுக்குப் போடலாமா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாற்காலி தப்பியிருக்கும். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் விரல் பதிகிறதா என்று பார்ப்பதற்காகத் தட்டிக் கொடுத்தவர்கள் எல்லாரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். முதுகே வலித்தது.

“வேண்டாம் மேடம்” என்றார். “என் கன்னத்தை நம்பாதீங்க.”

“சார்” என்றார் முதலாளியம்மா.

“மன்னிச்சுடுங்க மேடம். என் தோல் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு. பேக்கிங் பொண்ணுங்க கையே பொத்துப்போன களிம்பு அது. ரெண்டு நாளா அப்பிட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணுமே பண்ணலை. இத்தனை வருஷமா பாஸ் பாஸ்னு நான் சொன்னதுக்கெல்லாம் அர்த்தமே இல்லை.”

“அப்போ வலது பக்கம்?” என்றார் கடைக்காரம்மா.

“துணி சோப்பு.”

“இடது பக்கம்?”

“என் மனைவியோட அன்பு.”

முதலாளியம்மா பொத்தென்று உட்கார்ந்தார். கவலைப்படுவதற்கென்றே இருந்த அந்த அறையில் இதுவரை இப்படி ஒரு கவலை வந்ததில்லை. “மரத்துப்போன தோலை வச்சுக்கிட்டா நான் ஊருக்கெல்லாம் உத்தரவாதம் குடுத்திட்டு இருந்தேன்? உங்களை நான் எவ்வளவு பெருமையா நினைச்சேன் சார்.”

‘நினைச்சேன்’ என்று அவர் சொன்னதுதான் கன்னம் சாருக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே கிளம்பிடறேன் மேடம்” என்று குடையை எடுத்துக்கொண்டார். கடைக்காரம்மாவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் போனார்கள்.

போக வழியில்லை. கலவை அக்கா கரண்டியும் கையுமாகக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. கன்னம் சாரின் இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தார்.

“சார் தோலுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. முதல்நாள் அவரு வீங்கிப்போய் உக்காந்திருந்ததைப் பாத்ததுலேர்ந்து அவரு டப்பாவுல எதையும் கலக்காத வெறும் பசையைத்தான் போட்டுக் குடுத்திட்டு இருக்கேன். ‘எந்த உயிரையும் வதைக்காமச் செஞ்சது’ன்னு டப்பா மேல நீங்கதானே போடச் சொன்னீங்க, சாரும் ஒரு உயிர்தானே.”